கடலோரத்தில் வீடு கட்டலாமா

போன கிழமை ஓர் இளம் ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரையான பிள்ளைகளுக்கு அவருடைய பாடசாலையில் விவாதப் போட்டி வைக்கப்போகிறார்களாம்.

"டீச்சர், நீங்க கனகாலம் இத நடத்தினீங்கதானே. நாலைஞ்சு தலைப்புச் சொல்லுங்க. பிரச்சின ஒண்டும் வராத தலைப்பா இருக்கோணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சட்டியைக் கழுவத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன். வாசலில் என்ன வேலை என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். பிரச்சினை வராத தலைப்பு என்று ஒன்று இருக்குமானால் அதைப் பற்றிப் பிள்ளைகள் ஏன் விவாதிக்க வேண்டும்? இதைக் கூப்பிட்ட அந்த ஆசிரியைப் பிள்ளையிடம் தொலைபேசியில் சொன்னால் கிழவி கதை அளக்கிறாள் என்று நினைக்கும். எழுதிவிடுவது நல்லது.

நான் நாவற்குடாவில் பிறந்தவள். ஆசிரியர் கலாசாலை முடித்து, முதல் நியமனம் கதிரவெளியில். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. பஸ் ஓடினால் பள்ளிக்கூடம், ஓடாவிட்டால் இல்லை. பிறகு ஊருக்குக் கிட்ட மாற்றம் கிடைத்து, தமிழ்ப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகர் ஆனேன். இடைநிலைப் பிள்ளைகளின் விவாதப் போட்டி அப்போதுதான் என் தலையில் விழுந்தது. எங்களுக்கு மேலே உதவிக் கல்விப் பணிப்பாளராக இருந்தவர் ஏறாவூரைச் சேர்ந்த றஹீம் சேர்.

அவர் வருவதற்கு முன்னர் விவாதம் என்றால் இப்படித்தான்: ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை பாடமாக்கும், மேடையில் ஏறி "நடுநிலை தவறா நடுவர் அவர்களே" என்று தொடங்கி ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு இறங்கும். எதிரணி என்ன சொன்னது என்று கேட்டால் தெரியாது. தலைப்புகளும் வருடா வருடம் அவையேதான். நகர வாழ்க்கையா கிராம வாழ்க்கையா, கல்வியா செல்வமா, தாயா தந்தையா.

றஹீம் சேர் முதல் கூட்டத்திலேயே எங்கள் தலைப்புகளை வாசித்துவிட்டு எழுந்து நடக்கத் தொடங்கினார். அவருக்கு இருந்து பேசத் தெரியாது. மேசைக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே பேசுவார்.

"தாயா தந்தையா எண்டு முடிவெடுத்து என்ன செய்யப்போறீங்க? தோத்தவர வீட்ட விட்டுத் துரத்துறதா? ஊருல ஆரோ ஒராள் நாளைக்கு முடிவெடுக்க வேண்டிய விசயமாத் தாங்க டீச்சர். வாவியில சின்னக் கண் வலைய தடை செய்யலாமா எண்டு கேளுங்க. பள்ளிக்கூடத்தில வீட்டுவேலை குடுக்காம விடலாமா எண்டு கேளுங்க. அதில புள்ளைக்கும் சொல்ல என்னமும் இருக்கும்."

போட்டி நடத்தும் முறையையும் மாற்றினார். அணிக்கு மூன்று பேர். தலைப்பு முதலே தெரியும், பக்கம் தெரியாது. போட்டி அன்று காலையில், எல்லோருக்கும் முன்னால் சீட்டுக் குலுக்கித்தான் ஒட்டிப் பேசுவது யார், வெட்டிப் பேசுவது யார் என்று முடிவாகும். அதனால் பிள்ளைகள் இரண்டு பக்கத்துக்கும் ஆயத்தமாக வர வேண்டும். எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இதில் பெரிய கோபம். இரண்டு மடங்கு எழுத வேண்டி வந்தது. சில மாதங்களில் களைத்துப்போய்ப் பிள்ளைகளையே யோசிக்க விட்டுவிட்டார்கள். அவர் எதிர்பார்த்ததும் அதுதான்.

எல்லாவற்றிலும் கடினமான விதி, நாங்கள் 'திருப்பிச் சொல்லல்' என்று பெயர் வைத்தது. எதிரணியை மறுக்க எழும்புகிற பிள்ளை, முதலில் எதிரணி சொன்ன வாதத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். குறைக்காமல், கேலி செய்யாமல். சொன்னவர் "ஓம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். அதுவரை நேரம் தொடங்காது. மணி என் கையில் இருக்கும்.

போட்டி நடக்கும்போதும் றஹீம் சேர் உட்கார மாட்டார். மண்டபத்தின் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். ஒரு பிள்ளை உண்மையாகவே ஏதாவது சொல்லிவிட்டால் நடை நிற்கும். அவரிடமிருந்து கிடைக்கும் பாராட்டு அவ்வளவுதான். பிள்ளைகள் நடுவர்களைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு, அவருடைய கால்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள்.

பிறகு கடல் வந்தது.

அன்று நாங்கள் வாவிப் பக்கமாக ஓடியதையும் அடுத்த நாட்களில் பார்த்ததையும் இங்கே எழுதப்போவதில்லை. பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. கரும்பலகைக்குக் கீழே அடுப்பு எரிந்தது. சில மாதங்கள் கழித்து, வகுப்புகள் அரைகுறையாகத் தொடங்கியபோது, போட்டியை நடத்துவோம் என்றார் றஹீம் சேர். தலைப்பையும் அவரே சொன்னார்: 'கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டலாம்.'

கடலிலிருந்து குறித்த தூரத்துக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்திருந்த காலம். எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் இதே பேச்சு. எனக்குச் சம்மதமில்லை.

"சேர், தாயக் கடலுக்குத் தின்னக் குடுத்த புள்ளைகள் வரும். மேடையில ஏத்தி இத எப்பிடிக் கேக்கிற?"

"அந்தப் புள்ளைகள் இரவும் பகலும் இதத்தானே கேட்டுக்கொண்டு கிடக்குதுகள்? பெரியாக்கள் கூடாரத்துக்க கத்துறத கேக்கலாம், தாங்க பேச ஏலாதா? விருப்பமில்லாத புள்ள வர வேணாம். வாற புள்ளைய நாம தடுக்க வேணாம்."

வந்தவர்களில் தேற்றாத்தீவுப் பக்கத்துப் பாடசாலை அணியும் ஒன்று. அதன் தலைவி யசோதா, எட்டாம் தரம், எல்லோரும் யசோ என்பார்கள். அவளுடைய தகப்பன் கணபதிப்பிள்ளை கடல் தொழிலாளி. அலை வந்த நேரம் அவர் தோணியில் ஆழ்கடலில் நின்றார். தோணி ஒருமுறை ஏறி இறங்கியது மட்டும்தான் அவருக்குத் தெரியும். கரைக்கு வந்தபோது வீடு இல்லை. மனைவியும் கைக்குழந்தையான மகனும் இல்லை. யசோ கடலிலிருந்து தள்ளி, தெருப் பக்கம் டியூசனுக்குப் போயிருந்ததால் தப்பினாள்.

சீட்டை அவளே எடுத்தாள். ஒட்டி. அதாவது, கடலோரத்தில் வீடு கட்டலாம் என்று அவள் வாதாட வேண்டும்.

நான் அவளை வெளியே மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "புள்ள, மத்த அணியிட்டக் கேட்டுப் பக்கத்த மாத்தித் தரட்டா?" என்றேன்.

அவள் உடனே தலையாட்டி மறுத்தாள். "வேணாம் டீச்சர். கட்டக் கூடாது எண்டு பேசினா நான் அழுதிருவன். இது எண்டாப் பேசுவன்."

எதிரணி காத்தான்குடியிலிருந்து வந்திருந்தது. அதன் தலைவன் இம்தியாஸ், மெலிந்த, அமைதியான பையன். யசோவின் வீட்டு விசயம் அவனுக்குத் தெரியாது. அவன் எழும்பி நல்ல நிதானமாகச் சொன்னான்: "மீண்டும் தண்ணீர் வந்தால் ஓடக்கூடியவர்கள் தப்பிவிடுவார்கள். கைக்குழந்தையோடு நிற்கும் தாய் எப்படி ஓடுவாள்? ஓட முடியாதவர்களுக்காகத்தான் இந்தச் சட்டம் வேண்டும்."

பின்னால் காலடிச் சத்தம் நின்றது.

யசோ எழும்பினாள். விதிப்படி அவள் இதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாய் திறந்தாள், மூடினாள். மண்டபத்தில் இருந்த அவளுடைய ஊரார் தலையைக் குனிந்தார்கள். யன்னலுக்கு வெளியே சாரத்தை மடித்துக் கட்டியபடி கணபதிப்பிள்ளை நின்றார். அவர் யன்னல் கம்பியைப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. நான் மணியை அடித்து நிறுத்திவிடலாமா என்று றஹீம் சேரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கைக்குழந்தையோட நிக்கிற தாயால ஓட ஒண்ணா," என்றாள் யசோ. மேடைத் தமிழ் போய்விட்டது. "எங்கட அம்மாவைப் போல ஆக்களால ஓட ஒண்ணா. அவங்களுக்காகத்தான் சட்டம் வேணும். அதத்தானே சொன்னீங்க?"

இம்தியாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. எழும்பி நின்றான்.

"சொல்லுங்க," என்றாள் அவள். "நீங்க ஓம் எண்டாத்தான் எனக்கு நேரம் தொடங்கும்."

"ஓம்," என்றான் அவன், கேட்டும் கேட்காத குரலில். நான் மணியைத் தட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் பேசிய பேச்சை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அம்மா செத்தது வீடு கடலுக்குக் கிட்ட இருந்ததால் இல்லை, தண்ணீர் வருகிறது என்று சொல்ல ஒருவரும் இல்லாததால் என்றாள். விடிய எழும்பித் தண்ணீரின் நிறத்தையும் காற்றையும் பார்க்காமல் அப்பா எப்படித் தோணி இறக்குவார் என்று கேட்டாள். தோணி ஓரிடத்தில், வலை ஓரிடத்தில், ஆள் இன்னோரிடத்தில் இருந்தால் அது என்ன தொழில் என்றாள். எங்களை எழுப்பிவிட்டு அந்த மண்ணில் ஹோட்டல் கட்டுவார்களா, ஹோட்டலில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் வராதா என்றாள். கடற்கரையிலிருந்து தெருவுக்கு நேரான பாதை வெட்டித் தாருங்கள், தண்ணீர் வந்தால் ஊதச் சங்கு தாருங்கள், வீட்டை விட்டு எழும்பச் சொல்லாதீர்கள் என்று முடித்தாள்.

ஒட்டி அணி வென்றது. இம்தியாஸ் வந்து அவளுக்கு முன்னால் நின்று, "எனக்குத் தெரியாது" என்றான். அவள் "பரவால்ல, நீங்க சொன்னது சரியான பொயின்ற்" என்றாள். நான் திரும்பி யன்னலைப் பார்த்தேன். கணபதிப்பிள்ளை போய்விட்டிருந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் வெற்றிக் கதையாக எல்லாக் கூட்டத்திலும் சொல்லியிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து யசோ அலுவலகத்துக்கு என்னைத் தேடி வந்தாள். தனியாக, பஸ் ஏறி. முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர், சட்டம் என்னவும் சொல்லட்டும் எண்டு அப்பா பழைய வளவத் துப்புரவாக்கி வேலி போடுறார். கம்பும் தகரமும் வாங்கிட்டார். வாவிக்கு அங்கால படுவான்கரையில சித்தி வீட்ட போறதாத்தான் இருந்தம். சித்தி வளவுல துண்டொண்டு தாறன் எண்டவ. அண்டைக்கு நான் பேசினதக் கேட்டுட்டு, புள்ளைக்கு இஞ்சதான் விருப்பம் எண்டு அப்பா முடிவெடுத்திட்டார். நான் வாதத்துக்குத்தானே டீச்சர் பேசின? சீட்டு அப்பிடி விழுந்ததாலதானே?"

"அப்பாவிட்டச் சொன்னியா?"

"எப்பிடிச் சொல்லுற? அவர் அதச் சொல்லிச் சொல்லி எல்லாரிட்டயும் சந்தோசப்படுறார்."

றஹீம் சேரிடம் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றார். பிறகு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "வாங்க. புள்ளையையும் பஸ்ஸில கூட்டிக்கொண்டு வாங்க. நான் முன்னுக்குப் போறன்."

கணபதிப்பிள்ளையின் கூடாரத்துக்கு வெளியே கவிழ்த்த வாளியில் றஹீம் சேரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நாங்கள் போய்ச் சேரும்போதே சண்டை தொடங்கியிருந்தது.

"அப்ப அண்டைக்கு இவள் பேசினது பொய்யா?" என்று கணபதிப்பிள்ளை சத்தம் போட்டார். "பெத்த தாயச் சொல்லி, ஊருக்கு முன்னால பொய் சொல்லவா படிப்பிக்கிறீங்க?"

"பொய்யில்ல அண்ணன்," என்றேன். "அவள் சொன்ன நியாயமெல்லாம் நியாயந்தான். ஆனா அவள்ட விருப்பம் அது இல்ல."

"நியாயம் ஒண்டு, விருப்பம் ஒண்டா? எனக்கு இந்தப் படிப்பு விளங்கல்ல டீச்சர்."

யசோ தகப்பனுக்கு முன்னால் மண்ணில் குந்தினாள்.

"அப்பா, எனக்கு அங்க இருக்க ஒண்ணா. ஏனெண்டு நீங்க சொல்லுங்க பாப்பம். சரியாச் சொன்னா நான் ஓம் எண்டுவன்."

"இதென்ன விளையாட்டு?"

"சொல்லுங்க அப்பா."

அவர் எங்களைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "உனக்குக் கடல் வெறுத்துப்போச்சு."

"இல்ல."

"அம்மாட நினைப்பு வரும்."

"இல்ல. அது எங்க போனாலும் வரும்."

"சனம் என்னவும் சொல்லும் எண்டு பயம்."

"இல்ல அப்பா."

பக்கத்துக் கூடாரத்தில் யாரோ வானொலியை நிறுத்தினார்கள். பிறகு மெதுவாக, மகளைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் கடலுக்குப் போனா நீ தனியக் கிடப்பாய். தண்ணி வந்தா... உன்னத் தூக்க நான் நிக்க மாட்டன். அண்டைக்கும் நான் நிக்கல்ல."

"ஓம்," என்றாள் யசோ.

அவர் எழும்பிக் கூடாரத்துக்குப் பின்னால் போனார். நாங்கள் காத்திருந்தோம். வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். "கம்பையும் தகரத்தையும் தம்பிக்காரனுக்குக் குடுக்கலாம்," என்றார். அந்த மாதத்திலேயே அவர்கள் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனார்கள். கணபதிப்பிள்ளை தோணியை விற்றுவிட்டு வயல் வட்டையில் கூலிக்கு நாற்று நட்டார், வரம்பு கட்டினார். கடல் தொழிலாளிக்கு வயல் சேறு பழக்கமில்லை, கால் புண்ணாகிவிட்டது என்று யசோ ஒருமுறை சொல்லி அனுப்பினாள். ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றும் சொன்னாள். அதைக் கேட்டு நானும் கொஞ்சம் நிம்மதியானேன்.

இரண்டு வருடங்கூட ஆகவில்லை. இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை முதலில் கதிரவெளி இருக்கும் வாகரைப் பக்கம் மூண்டது. கதிரவெளியில் நான் படிப்பித்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காடு வழியே வந்தார்கள். பிறகு அது படுவான்கரைக்கு வந்தது. சனம் வாவியைத் தாண்டி எங்கள் பக்கம் கொட்டியது. வள்ளத்தில், பாலத்தில், நடந்து. பள்ளிக்கூடங்கள் மறுபடியும் முகாம்களாயின. அதே கரும்பலகைகளுக்குக் கீழே அதே அடுப்புகள்.

பெயர் பதிய உதவி செய்யப் போன இடத்தில் ஒரு மரத்தடியில் கணபதிப்பிள்ளையைக் கண்டேன். ஒரு கையில் கட்டு. யசோ பக்கத்தில் ஒரு கிழவிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். நன்றாக வளர்ந்திருந்தாள். சித்தியின் வீடு எரிந்துவிட்டது, உயிர்ச் சேதம் இல்லை என்றாள்.

கணபதிப்பிள்ளை என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். நான் தடுத்தேன்.

"டீச்சர், இஞ்சால இருந்தாக் கடல் வருமெண்டு அங்கால போனம். அங்க கடல் வரல்ல. செல் வந்து விழுந்திச்சு." கொஞ்சம் சிரித்தார். "இதுக்கு எந்தப் பக்கம் பேசுற? ஒட்டியா, வெட்டியா?"

அன்றைக்கு இரவு றஹீம் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஓய்வு பெற்று ஏறாவூரில் வீட்டோடு இருந்தார். நடந்ததைச் சொன்னேன். மறுபக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"நாம ரெண்டு பக்கந்தான் குடுத்தம்," என்றார். "வேற எங்க போகலாம் எண்டு அந்தப் புள்ளையிட்ட நாம கேக்கவேயில்ல, இல்லியா டீச்சர்?"

"வேற எங்க இருந்திச்சு சேர்?"

மறுபக்கத்தில் செருப்புச் சத்தம் மறுபடி தொடங்கியது.

சண்டை முடிந்த பிறகு போட்டி மறுபடி தொடங்கியது. இப்போது தலைப்புகள் மேலிடத்தின் சம்மதத்தோடு வந்தன. தொலைக்காட்சி நன்மையா தீமையா. கைத்தொலைபேசி வரமா சாபமா. மண்டபத்தின் முன்வரிசையில் அறிமுகமில்லாத ஆட்கள் வந்து உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் ஒழுங்காகப் பேசினார்கள், ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார்கள். எனக்குத்தான் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. நானும் மண்டபத்தின் பின்னால் போய் நடக்கத் தொடங்கினேன். நடந்து முடிக்கும்வரை என்னை நிறுத்தும்படியாக அன்று ஒரு பிள்ளையும் எதையும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்கக்கூடிய கேள்வியை நாங்கள் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் யசோ கூப்பிட்டாள். உயர்தரம் எழுதிவிட்டு ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அப்பா மற்றவர்களின் தோணியில் மறுபடி கடலுக்குப் போகிறாராம். "டீச்சர், ஊருல வீட்டுக்கு நிலையம் எடுக்கிறம், அளந்து கட்டை அடிக்கிற. வாறீங்களா?" ஊரில் என்றால் எங்கே என்று கேட்கவில்லை. தேற்றாத்தீவு பஸ்ஸில் ஏறினேன்.

பழைய வளவேதான். கடல் பார்வைக்கு எட்டுகிற இடம்; தூரச் சட்டத்தை இடையில் தளர்த்திவிட்டிருந்தார்கள். ஆனால் பழைய வீடு இருந்த இடத்தை விட்டு, வளவின் மேற்கு மூலையில், தெருவுக்குப் போகும் பாதையை ஒட்டிக் கட்டை அடித்து நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் தெருப் பக்கம் பார்க்கும்படி அளந்திருந்தார்கள். கணபதிப்பிள்ளை நூலின் ஒரு தலைப்பைப் பிடித்திருந்தார், மற்றதை யசோ.

"இவள்தான் இடம் காட்டினது," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் மகளுக்குக் கேட்கும்படியாகவே கேட்டார்: "டீச்சர், நீங்கதானே பழக்கின ஆள். இவள் இப்ப உண்மையாச் சொல்லுறாளா, வாதத்துக்குச் சொல்லுறாளா?"

நான் அவளைப் பார்த்தேன். அத்தனை வருடம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுப் புள்ளி போட்டவளுக்கு அந்த முகத்திலிருந்து ஒன்றும் விளங்கவில்லை.

"எனக்குத் தெரியா அண்ணன். அவளிட்டயே கேளுங்க."

யசோ குந்தியிருந்து கட்டையின் தலையில் கல்லால் இரண்டு அடி அடித்தாள். நிமிர்ந்தாள்.

"எனக்கு இன்னும் பயந்தான் அப்பா," என்றாள். "அங்க இருந்தும் பயந்தம். முகாமுல இருந்தும் பயந்தம். பயந்துகொண்டு இருக்கிறதெண்டா நம்மட வளவுல இருப்பம். நீங்க கடலுக்குப் போற நாளைக்கு நான் தெருப் பக்கத்து அறையில படுக்கிறன்." பிறகு அவருடைய கையைப் பார்த்தாள். "நூல இழுத்துப் புடிங்க. தொய்யுது."